முதல் அலை அடித்த கரையிலிருந்து

முதல் நாள், பந்தா ஆச்சே

கோலாலம்பூரில் ஏறிய விமானம் மலாக்கா நீரிணையைக் கடந்து இந்தோனேசியாவின் சுமத்ரா தீவின் வடமுனையில் இறங்கியபோது பிற்பகலாகிவிட்டது. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்றால் கிழக்கு. இங்கே அது வடக்கிலும் மேற்கிலும் விரிந்து கிடந்தது. நம் ஊர்க் கரையில் நின்று நாளெல்லாம் பார்த்த அதே நீரின் மறுகரைக்கு வந்திருக்கிறேன் என்பது விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்து உப்புக்காற்று முகத்தில் பட்டபோதுதான் உறைத்தது.

2004 டிசம்பர் 26 அன்று, இந்த ஊர் நேரப்படி காலை 8 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில், சுமத்ராவின் மேற்குக் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. அங்கே தொடங்கிய பிளவு அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டது. ஏறத்தாழ 20 நிமிடங்களில் அலை இந்நகருக்குள் புகுந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் தாய்லாந்தின் மேற்குக் கரையை அடைந்தது. இரண்டரை மணி நேரத்தில் எங்கள் நாகப்பட்டினத்துக்கு வந்தது. மொத்தம் 14 நாடுகளில் 2,25,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்; அவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். அன்று காலை அவர் மீன் வாங்கக் கூடையோடு கரைக்குப் போயிருந்தார்.

அந்த இரண்டரை மணி நேரம்தான் இத்தனை ஆண்டுகளாக என்னை விடாமல் இருக்கிறது. ஆச்சே மக்களுக்கு அது கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது, ஆனால் சொல்வதற்கு ஆளில்லை. அன்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை, இன்று நடந்தால் யார், எந்த வழியாக, யாரிடம் சொல்வார்கள் என்பதை முதல் அலை அடித்த இடத்திலிருந்து தொடங்கித் தெரிந்துகொள்ள விரும்பினேன். கடலோர ஊர்களில் இளைஞர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி அளிக்கும் வேலையில் இருப்பதால், வகுப்பில் அவர்கள் கேட்கும் இக்கேள்விக்கு நேரில் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்ற கடமையும் இருக்கிறது.

இரவு விடுதியில் ஒன்றை நினைத்துக்கொண்டேன். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் இலாமுரிதேசம் இந்த ஆச்சேப் பகுதிதான் என்று வரலாற்றறிஞர்கள் சொல்கிறார்கள். அதையடுத்து வரும் மாநக்கவாரம் நிக்கோபார், அதற்கடுத்தது கடாரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒவ்வொரு துறைமுகமாகப் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டி வைத்த நம்மவர்களுக்கு, 2004-இல் இலாமுரியிலிருந்தோ நக்கவாரத்திலிருந்தோ ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. அலை நிக்கோபாரை அடித்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் எங்களை அடித்தது.

இரண்டாம் நாள், பந்தா ஆச்சே

காலையில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். நம் ஊர் டீக்கடையைப் போலவே இங்கும் நீண்ட துணி வடிகட்டியை உயரத் தூக்கிக் காப்பியை ஆற்றுகிறார்கள். எனக்கு மொழிபெயர்ப்பாளராக வர இசைந்த கல்லூரி மாணவர் அங்கேதான் வந்து சேர்ந்தார். அவர் பிறந்தது 2004-க்குப் பிறகு. பக்கவாட்டில் இருக்கை வைத்த மோட்டார் சைக்கிளை இங்கே பெச்சாக் என்கிறார்கள். அதிலேறி ஊரைச் சுற்றினோம்.

முதலில் பார்த்தது கப்பல். மின்சாரம் உற்பத்தி செய்வதற்காக ஊலே லே துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருந்த 2,600 டன் எடையுள்ள மிதவைக் கப்பலை அலை இரண்டு மூன்று கிலோமீட்டர் தூக்கிவந்து பூங்கே என்ற குடியிருப்பின் நடுவே இறக்கியிருக்கிறது. அதை எடுக்க வழியில்லாமல் அங்கேயே நினைவிடமாக்கிவிட்டார்கள். சிவப்பும் கறுப்புமாகத் துருவேறிய அடிப்பகுதியை நெருங்கிப் பார்த்தேன். மண்ணில் அழுந்திய இரும்புத் தகட்டுக்கும் தரைக்கும் இடையே உடைந்த சுவர் ஒன்றின் செங்கற்கள் இன்னும் பதிந்திருக்கின்றன. யாருடைய வீட்டுச் சுவர் என்று கேட்டேன். பெச்சாக் ஓட்டுநர் பதில் சொல்லாமல் அடுத்த தெருவைக் கைகாட்டினார்; அங்கே புதிய வீடுகளின் முன்பு பெண்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து லம்புலோ. இங்கே ஒரு மீன்பிடிப் படகு ஒரு வீட்டின் மாடியில் ஏறி நிற்கிறது. அன்று அந்த மாடியில் ஒண்டியிருந்த 59 பேர் படகுக்குள் தாவி ஏறி உயிர் பிழைத்தார்கள். எங்கள் அக்கரைப்பேட்டையில் விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த காட்சி கண்முன் வந்தது. படகு கொல்லவும் செய்யும், காக்கவும் செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நகரின் பல இடங்களில், பள்ளிக்கூட வாசலிலும் பள்ளிவாசல் முற்றத்திலும், அலை எவ்வளவு உயரம் வந்தது என்பதைக் காட்டும் கம்பங்களை ஜப்பானியர் உதவியோடு நட்டிருக்கிறார்கள். ஒரு கம்பத்தின் அடியில் பிள்ளைகள் புத்தகப் பைகளைக் குவித்துவிட்டுப் பந்து விளையாடினார்கள். தலையை நிமிர்த்திக் கம்பத்தின் நுனியைப் பார்த்த பிறகு, அந்தப் பிள்ளைகளைப் பார்க்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இப்படி ஒரு கம்பம் நாகப்பட்டினத்தில் ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிற்பகல் முழுவதும் சுனாமி அருங்காட்சியகத்தில் கழிந்தது. கட்டடக் கலைஞர் ரித்வான் கமில் வடிவமைத்து 2009-இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தில் நுழைவதே ஒரு குறுகலான இருட்டுப் பாதை வழியாகத்தான். இருபுறமும் உயர்ந்த சுவர்களில் நீர் வழிகிறது, அதன் ஓசை காதை அடைக்கிறது. அதைக் கடந்தால் கிணறு போன்ற வட்ட அறை. சுற்றிலும் இறந்தவர்களின் பெயர்கள். அங்கிருந்து மேலேறும் பாலத்தின் மேற்கூரையில் உதவிக்கு வந்த நாடுகளின் கொடிகள் தொங்குகின்றன. கட்டடத்தின் மேல்தளமே அலை வந்தால் மக்கள் ஏறி நிற்பதற்கான புகலிடம்.

கொடிகளுக்குக் கீழே நெடுநேரம் நின்றேன். அலை வந்துபோன பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஓடி வந்திருக்கின்றன. அலை வருவதற்கு முன் ஒரு நாட்டிடமிருந்தும் ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே ஹவாயில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. அன்று நில அதிர்வு நிகழ்ந்த கால் மணி நேரத்திலேயே அம்மையத்தினர் அதைக் கண்டு அறிக்கையும் விட்டார்கள். ஆனால் இந்தியப் பெருங்கடலில் நீர்மட்டத்தை உடனுக்குடன் காட்டும் கருவிகள் இல்லாததால் அலை எழுந்ததா என்பதை அவர்களால் உறுதிசெய்ய முடியவில்லை. சொல்வதென்றாலும், இந்தக் கடலோர நாடுகளில் எந்த அலுவலகத்தில் யாரை அழைப்பது என்ற ஏற்பாடு இருக்கவில்லை. சுனாமி என்பது பசிபிக் நாடுகளின் துன்பம் என்றே நாமெல்லாம் எண்ணியிருந்தோம். 1883-இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலையும் 1945-இல் பாகிஸ்தானை ஒட்டிய மக்ரான் கரையும் தந்த பாடத்தை எந்த அரசும் தன் கணக்கில் எழுதி வைக்கவில்லை.

மூன்றாம் நாள், பந்தா ஆச்சே

இன்று சந்தித்தவர் சிமலூ தீவில் பிறந்து இந்நகரில் குடியேறிய மூதாட்டி ஒருவர். மாணவர் அவரை இபு என்று விளித்தார். நம் அம்மா என்பதுபோல. சிமலூ, அதிர்வு தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவு. முதல் அலை பத்து நிமிட அளவிலேயே கரையேறிவிட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

காரணம், அத்தீவு மொழியில் பேரலையைக் குறிக்கும் ஸ்மோங் என்ற ஒரு சொல். 1907-இல் அங்கே பேரலை வந்து பெருந்தொகையானோர் மாண்டதிலிருந்து, நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் யாருக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓடு என்பதைத் தாலாட்டாகவும் கதையாகவும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். அன்று காலை ஒருவர் ஸ்மோங் என்று கத்தியதும் ஊரே குன்றேறியது. இபு அந்தத் தாலாட்டின் இரண்டு வரிகளைத் தாழ்ந்த குரலில் பாடிக் காட்டினார். பாடும்போது இல்லாத குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல அவருடைய வலக்கை மடியில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

கருவிகளைப் பற்றி நான் அறிந்ததை இந்தப் பத்து நிமிடங்களுக்கு முன் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு விரைவான மையமானாலும் முதல் அறிக்கை வெளியாகச் சில நிமிடங்கள் ஆகும். அது அரசு அலுவலகம் வழியாக ஊருக்கு வர இன்னும் சில நிமிடங்கள். ஆகவே அதிர்வுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு நிலமே எச்சரிக்கை, நினைவே மையம். தொலைவில், அதிர்வையே உணராமல் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் நாகப்பட்டினத்துக்கும் மட்டக்களப்புக்கும்தான் அண்டை நாட்டின் கருவியும் அண்டை நாட்டின் குரலும் தேவைப்படுகின்றன. இந்த வேறுபாட்டைப் பயிற்சி வகுப்புகளில் நான் இதுவரை தெளிவாகச் சொன்னதில்லை. இனிச் சொல்வேன்.

மாலையில் டேயா க்ளூம்பாங்கில் ஜப்பான் கட்டித் தந்த புகலிடக் கட்டடத்தில் ஏறினேன். கீழ்த்தளத்தில் சுவர்களே இல்லை. அலை தூண்களுக்கிடையே புகுந்து போகட்டும் என்று திறந்தே விட்டிருக்கிறார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவில் மீண்டும் அதிர்ந்தபோது இந்நகர மக்கள் பலர் இத்தகைய கட்டடங்களில் ஏறாமல் மோட்டார் சைக்கிள்களில் உள்நாட்டை நோக்கி விரைந்ததால் சாலைகள் அடைத்துக்கொண்டன. சில சைரன்கள் உரிய நேரத்தில் ஒலிக்கவும் இல்லை. அன்று நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் உராய்ந்ததால் பேரலை எழவில்லை. அந்தப் பிற்பகல் எனக்கும் நினைவிருக்கிறது: சென்னையில் அதிர்வை உணர்ந்த உறவினர்கள் கைபேசியில் அழைத்தார்கள், தொலைக்காட்சியில் எச்சரிக்கை ஓடியது, எங்கள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் பெருமாள் கோயில் மேட்டுக்குப் போய் நின்றோம். பயந்துதான் நின்றோம், ஆனாலும் 2004-இல் யாரும் சொல்லாதது இம்முறை சொல்லப்பட்டது.

நான்காம் நாள், ஜகார்த்தா

ஊர் மிகப் பெரிது, போக்குவரத்து நெரிசல் அதைவிடப் பெரிது; அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பயிற்சி ஒன்றில் அறிமுகமான தோழி, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் சேர்ந்து நடத்தும் பேரிடர் உதவி மையத்தில் முன்பு பயிற்சி பெற்றவர், இன்று பாதி நாளை எனக்காக ஒதுக்கினார்.

அவர் முதலில் விளக்கியது எச்சரிக்கை நடக்கும் முறையை. 2011 அக்டோபர் முதல் இந்தியப் பெருங்கடலின் கரையோர நாடுகளுக்கெல்லாம் சுனாமித் தகவல் தரும் பொறுப்பை இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளும் ஏற்றிருக்கின்றன. இந்தியாவின் மையம் ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்குகிறது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 2005-இல் அமைத்த குழுவின் கீழ் 28 நாடுகள் இதில் இணைந்துள்ளன. நில அதிர்வுமானிகள் முதலில் இடத்தையும் அளவையும் சொல்லும். ஆழ்கடலின் அடியில் பதித்த அழுத்தக் கருவிகள், பல கிலோமீட்டர் நீருக்கடியிலிருந்து, மேலே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் கண்டுகொள்ளும். கரையோர நீர்மட்ட அளவிகள் அலையை உறுதிசெய்யும். இந்த அளவிகள் ஒவ்வொரு நாட்டின் கரையிலும் இருப்பதால், ஒரு நாடு தன் எண்களை உடனுக்குடன் பிறருக்குத் திறந்துவிடாவிட்டால் அடுத்த நாடு கண்ணிருந்தும் குருடுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலரும் அறியாதது. மூன்று மையங்களும் மற்ற நாடுகளின் மக்களுக்கு நேரே எச்சரிக்கை விடுவதில்லை. உன் கரைக்கு இத்தனை மணிக்கு இவ்வளவு உயரம் அலை வரக்கூடும் என்று அந்தந்த நாட்டின் தேசிய மையத்துக்குத்தான் சொல்கின்றன. மக்களை எழுப்பி ஓடச் சொல்லும் ஆணை அந்த நாட்டு அரசுக்கு மட்டுமே உரியது. இறையாண்மையைப் பார்த்துக்கொண்டு உயிரைக் கோட்டை விடுகிறோமோ என்று கேட்டேன். தோழி சற்று யோசித்து, மூன்று நாடுகள் மூன்று விதமாகக் கரையோர மக்களிடம் கத்தினால் அவர்கள் எதை நம்புவார்கள் என்று திருப்பிக் கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கடைசிக் கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் வீண் என்ற என் கவலை நீங்கவில்லை.

அந்தக் கவலைக்குப் பெயர் நர்கீஸ். 2008 மே 2 அன்று மியான்மாரின் ஐராவதி கழிமுகத்தில் கரையேறிய அப்புயலைப் பற்றி இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு முன்பே அந்நாட்டுக்குத் தெரிவித்திருந்தது. எல்லை தாண்டித் தகவல் போய்ச் சேர்ந்தும், கழிமுகத்துக் குடிசைகளில் 1,38,000 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். புயலுக்குப் பிறகு வெளிநாட்டு உதவியை உள்ளே விட அந்நாட்டின் இராணுவ ஆட்சி தயங்கியது. அப்போது ஆசியான் அமைப்பின் பொதுச்செயலாளராக இருந்த சுரின் பிட்சுவான் முன்னின்று, ஆசியான், மியான்மார், ஐக்கிய நாடுகள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்த குழு ஒன்றை அமைத்து அதன் வழியாகவே உதவியை உள்ளே கொண்டுபோனார்கள். உலகமெல்லாம் தட்டித் திறக்காத கதவு அண்டை வீட்டார் தட்டியபோது திறந்தது. ஆசியான் நாடுகளின் பேரிடர் ஒப்பந்தம் 2005-இலேயே வியன்தியானில் கையெழுத்தாகி 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 2011-இல் தொடங்கிய உதவி மையம் இன்று இதே ஜகார்த்தாவில் இயங்குகிறது. மலேசியாவின் சுபாங்கில் கூடாரம், போர்வை, படகு முதலியவற்றை முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டில் அடித்தாலும் அங்கிருந்து உடனே ஏற்றிவிடுகிறார்கள்.

கருவிகளின் எல்லையையும் அவர் மறைக்கவில்லை. 2018 டிசம்பரில் அனாக் கிரக்கத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து எழுந்த அலை, நில அதிர்வே முன்னோடியாக இல்லாததால், எச்சரிக்கையின்றி சுந்தா நீரிணைக் கரையில் 400-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

ஐந்தாம் நாள், பாங்காக்

இந்த நாட்டுக்கு நான் வந்தது ஒரு சண்டையின் முடிவைப் பார்க்க. 2005 ஜனவரி இறுதியில் புக்கெட்டில் அமைச்சர்கள் கூடியபோது, புதிய எச்சரிக்கை மையம் எந்த நாட்டில் அமைவது என்பதில் ஒருமித்த முடிவு வரவில்லை. பல நாடுகள் அது தம்மிடமே இருக்க வேண்டும் என்று விரும்பின. இறந்தவர்களை அடக்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்த நேரத்தில் இந்தப் போட்டி நடந்தது என்று படித்தபோது எனக்குக் கோபம் வந்ததுண்டு. இப்போது வேறுவிதமாகத் தோன்றுகிறது. ஒரே மையம் என்பது கைவிடப்பட்டு, ஒன்றையொன்று சரிபார்க்கும் பல மையங்கள் உருவானதற்கு அந்தப் போட்டியும் ஒரு காரணம். ஒன்று செயலிழந்தாலும் மற்ற இரண்டு பேசும்.

தாய்லாந்து அதே 2005-இல் ஒரு கோடி டாலரை முதல் தொகையாக வைத்து, பாங்காக்கில் உள்ள ஐக்கிய நாடுகளின் ஆசிய பசிபிக் ஆணையத்தின் பொறுப்பில் ஒரு நிதியத்தைத் தொடங்கிவைத்தது. 2009 ஏப்ரலில் பாங்காக்குக்கு வடக்கே பதும் தானியில் ரைம்ஸ் என்ற பல்நாட்டு எச்சரிக்கை அமைப்பு உருவானது. மாலத்தீவு, கொமொரோஸ், கிழக்குத் திமோர் போன்ற சிறிய நாடுகள் தனித்தனியே வல்லுநர்களையும் கணினிகளையும் வைத்துக்கொள்ள வசதியில்லாத நிலையில், இதில் பங்காளிகளாகி நிறைவான முன்னறிவிப்பைப் பெறுகின்றன. நம் ஊரில் தனித்தனியே விசைப்படகு வாங்க முடியாதவர்கள் பங்குபோட்டு ஒன்று வாங்குவதைப் போன்றது இது.

2025 மார்ச் 28 அன்று மியான்மாரில் அதிர்ந்த நிலம் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இந்த நகரில் கட்டுமானத்திலிருந்த உயர்ந்த கட்டடம் ஒன்றைச் சரித்தது. விடுதியில் எனக்குச் சாவி தந்த பெண், அன்று நீச்சல் குளத்து நீர் மாடியிலிருந்து அருவிபோலத் தெருவில் கொட்டியதைக் கைகளால் காட்டினார்.

ஆறாம் நாள், நல்லவாடு

சென்னையில் இறங்கி நேரே ஊருக்குப் போகாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியைத் தாண்டி நல்லவாட்டில் இறங்கினேன். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரைக்கு எந்த அரசிடமிருந்தும் எச்சரிக்கை வராதபோதும், இந்த ஊருக்கு மட்டும் வந்தது. சிங்கப்பூரில் வேலைபார்த்த இவ்வூர் இளைஞர் ஒருவர் சுமத்ராச் செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல் நீர் உள்ளே வருகிறது என்று வீட்டார் சொன்னதும், உடனே எல்லாரையும் வெளியேறச் சொன்னார். செய்தி பரவி, எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் இங்கே நடத்திவந்த கிராம அறிவு மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தப்பினார்கள்.

கடலோர நாடுகள் 28 சேர்ந்து இன்று கருவிகளால் செய்வதை அன்று ஒரு மகன் ஒரு தொலைபேசியால் செய்தான். முதல் அலை அடித்த கரைப் பக்கமிருந்து அடுத்த கரைக்குச் சேதி வந்தது. வந்த சேதியைத் தெருவுக்குக் கொண்டுபோகக் கம்பத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதன் குரலை ஊர் நம்பியது. ஜகார்த்தாவில் எனக்கு விளக்கிய சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் இதில் இருக்கின்றன.

வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் ஆச்சேவிலிருந்து வருகிறேன் என்றேன். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, அங்கே எத்தனை பேர் போனார்கள் என்று சைகையில் கேட்டார். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்றேன். அவர் ஊசியை எடுத்து மடியில் வைத்தார்.

"இப்ப அங்க அடிச்சா நமக்குச் சொல்லுவாங்களா தம்பி?"

சொல்வார்கள் ஐயா, பத்து நிமிடத்தில் ஹைதராபாத்துக்குத் தெரியும், அங்கிருந்து மாநில அரசுக்கும் மாவட்டத்துக்கும் வந்துவிடும் என்றேன். மாவட்டத்திலிருந்து இந்தக் கரைக்கு என்று அவர் கேட்கும் முன்பே, தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. மாலையில் பஞ்சாயத்துக் கூட்டம் என்று அறிவித்தார்கள். பெரியவர் முகத்தை நிமிர்த்திக் கடைசிச் சொல் வரை கேட்டுவிட்டு, மறுபடியும் ஊசியைக் கையிலெடுத்தார்.